சுடர் காட்டும் முகம்

அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல் மின் நிலையங்கள் இரவு பகலாக இயங்கிக்கொண்டிருக்க, அவற்றுக்கு அண்டையிலுள்ள மீஞ்சூரிலோ 2016 டிசம்பரில் வர்தா புயலையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் கண்டவர்கள், மெழுகுவர்த்தி இல்லாமல் வீட்டை வைத்திருக்கத் துணிய மாட்டார்கள். ஆபத்துக் காலத்துக்கென்று அலமாரியில் கிடக்கும் அந்த மெழுகுவர்த்தியை, மின்சாரம் இருக்கும் நாளிலேயே விளக்கை அணைத்துவிட்டு ஏற்றி, வீட்டுப் பெரியவர்களை அதன் அருகில் அமர்த்தி, கையிலிருக்கும் ஸ்மார்ட்போனால் அவர்களுடைய உருவத்தைப் படமெடுத்து வைக்கும் பழக்கம் நம்மிடையே பரவ வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மெழுகுவர்த்தியின் ஒளிக்குத் தனித்த ஸ்வபாவம் உண்டு. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்கென்று மெழுகுவர்த்தியைப் பற்றியே தொடர் சொற்பொழிவு ஆற்றிய மைக்கேல் ஃபாரடே விளக்கியபடி, சுடரின் பிரகாசம் அதற்குள் காய்ந்து ஜொலிக்கும் நுண்ணிய கரித்துகள்களிலிருந்து பிறப்பது. நண்பகல் வெயிலின் நிறம் கெல்வின் அளவையில் ஏறத்தாழ 5,500 என்றால், இச்சுடரின் நிறம் 1,900 அளவிலேயே நிற்கிறது. ஆகவேதான் அதில் அத்தனை செம்பொன் சாயல். மேலும் அது ஒரே புள்ளியிலிருந்து வருவதால், நெற்றியின் ரேகைகளையும் கன்னத்தின் குழிவையும் மூக்குத்தியின் மினுக்கத்தையும் தெளிவாகக் காட்டி, மற்றதை இருளிடம் விட்டுவிடுகிறது.

இந்த சௌந்தர்யத்தைக் கலைஞர்கள் வெகு காலமாகவே நாடி வந்திருக்கிறார்கள். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில், கையில் விளக்கேந்திய பெண்ணொருத்தியின் விரலிடுக்கில் ஒளி சிவந்து கசியும் சித்திரத்தைப் பலர் கண்டிருப்பார்கள். ரவிவர்மா தீட்டியது என்று பலரும் தவறாகக் கருதும் அந்த நீர்வண்ண ஓவியம், எஸ். எல். ஹல்தங்கர் என்னும் மராட்டிய ஓவியர் 1940களின் நடுவில் தம் மகளையே முன்னிறுத்தி வரைந்தது. 1975ல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’ படத்தில் மெழுகுவர்த்தி ஒளியிலேயே சில காட்சிகளை எடுக்க விரும்பிய ஸ்டான்லி குப்ரிக், அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்கென்று செய்யப்பட்ட அபூர்வமான லென்ஸைத் தேடிப் பெற வேண்டியிருந்தது. அன்று அத்தனை பிரயாசையால் கைகூடியதை, அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் இன்றைய கைப்பேசி, சாமானியரின் சட்டைப்பைக்குள் ஓரளவு கொண்டுவந்துவிட்டது.

ஆனால் யந்திரத்தின் போக்குக்கே விட்டுவிட்டால் காரியம் கெட்டுவிடும். நைட் மோடு இரவைப் பகலாக்கும். தானியங்கி நிறச் சீரமைப்பு சுடரின் பொன்னிறத்தைக் கழுவித் துடைக்கும். பியூட்டி மோடு, வெயிலிலும் உப்புக் காற்றிலும் உழைத்துக் கறுத்த முகத்துக்கு வெண்மை பூசி, வயதின் சுருக்கங்களை அழித்துவிடும். கறுத்த சருமத்தைக் கேமராக்கள் சரிவரக் காட்டவில்லை என்ற குறை உலகெங்கும் எழுந்து, 2021ல் கூகுள் நிறுவனமே தன் பிக்சல் கைப்பேசியில் அதற்கென்று திருத்தங்கள் செய்ய நேர்ந்தது. வடகாஞ்சி என்று பெயர்பெற்ற மீஞ்சூரில், வரதராஜப் பெருமாள் சன்னிதியில் தீபாராதனைக்குக் காத்து நிற்கும் பக்தர் எவரும், கருவறையில் ட்யூப்லைட் எரியவில்லையே என்று வருந்துவதில்லை. அர்ச்சகர் தட்டை உயர்த்தும் அந்தக் கணத்தில் சுடரொளியில் துலங்கும் திருமுகமே நமக்குப் பரிபூரண தரிசனம். தெய்வத்தின் கரிய திருமேனியைச் சுடரொளியில் கண்டு பரவசப்படும் நாம், நம்மைப் பெற்றவர்களின் கறுத்த முகத்தை மட்டும் வெளுக்கச் செய்து பார்க்க விரும்புவது நியாயமாகாது.

செய்முறை எளியதுதான். மின்விசிறியை நிறுத்தி, கடற்காற்று நுழையும் ஜன்னலைச் சாத்தி, மெழுகுவர்த்தியை முகத்துக்கு ஒரு முழ தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில், கண் மட்டத்தில் வைக்க வேண்டும். கீழிருந்து வரும் ஒளி முகத்தை விகாரமாக்கும். தூரம் இரண்டு முழமானால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது என்பது நினைவில் இருக்கட்டும். இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை நாற்காலியில் விரித்துப் போட்டால், அது திருப்பித் தரும் மெல்லொளி அந்தக் கன்னத்தைக் காப்பாற்றும். ஃபிளாஷ், ஜூம், பியூட்டி மோடு, நைட் மோடு ஆகியவற்றை விலக்கி, கைப்பேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து, திரையில் முகத்தை விரலால் அழுத்திப் பிடித்து, பெரும்பாலான கைப்பேசிகளில் அருகே தோன்றும் சூரியக் குறியைச் சிறிது கீழே இறக்கினால், சுருக்கங்கள் தெளிவுபெற்று இருள் இருளாகவே நிற்கும். டைமர் வைத்துக்கொண்டால் கை நடுக்கம் படத்தைக் கெடுக்காது. நைலான் சேலை, விரித்த கூந்தல், திரைச்சீலை ஆகியவற்றைச் சுடரிடமிருந்து எட்டவே வைத்திருப்பதும், ஒரு வாளித் தண்ணீரை அருகில் வைத்துக்கொள்வதும் அவசியம்.

ஆயாவோ தாத்தாவோ காலமான பிறகு, ரேஷன் கார்டிலோ வாக்காளர் அட்டையிலோ உள்ள தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கி, மங்கிய இடங்களை ஸ்டூடியோவில் பூசி மெழுகச் செய்து, மாலையிட்டுச் சுவரில் மாட்டுவது நம் வழக்கமாகிவிட்டது. ஓர் அரசு அலுவலகத்தின் தேவைக்காக அவசரத்தில் எடுத்த அந்தப் படம், துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் மீன்பிடி படகிலும் ஓர் ஆயுளைச் செலவிட்ட மனிதருக்கு உரிய மரியாதையாகாது. தம் முகம் பார்க்கத் தக்கது என்பதை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அறிந்து மகிழ வேண்டும். சில ரூபாய் மெழுகுவர்த்தியும் அரை மணி நேரமுமே செலவாகும் இந்தக் கைங்கரியத்தை அடுத்த விசேஷ நாளுக்கென்று ஒத்திப்போடாமல், இன்று மாலையே செய்துவிடுவது பிள்ளைகளின் கடமை.