கோப்பியும் கருவி வழிபாடும்

சுவை என்பது தனிமனிதனின் நாவிலே தொடங்கி அந்நாவிலேயே முடிந்துவிடுவது எனக் கருதுவோர் இன்றும் உளர். அன்னாரின் கருத்து அண்மைக் காலத்தில் வாய்ப்பாகக் குடிபுகுந்திருக்கும் இடங்களுள் ஒன்று, வீட்டிலேயே எஸ்பிரசோக் கோப்பி வடிக்கும் பொழுதுபோக்காகும். மேலைநாட்டு நடுத்தர வர்க்கத்தினரிடையே பரவி, இன்று கொழும்பு உட்பட ஆசிய நகரங்களின் வசதி படைத்தோரையும் எட்டியுள்ள இப்பொழுதுபோக்கு, வெறும் பானம் அருந்தும் பழக்கமன்று. பளபளக்கும் இயந்திரம் ஒன்று. அதற்கு நிகரான விலையில் அரைக்கும் பொறி ஒன்று. கிராமின் பத்திலொரு பங்கையும் காட்டும் தராசு. தூளை அமுக்கும் குற்றி. அமுக்குமுன் தூளைக் கிளறிவிடும் ஊசிகள். இவையாவும் அடங்கிய ஒரு சிறு பட்டறையே அது. இப்பட்டறைக்கு உரியவர்கள் தம்மைக் கோப்பிப் பிரியர் என்று கூறிக்கொள்வதோடு அமைவதில்லை. கோப்பியை உள்ளவாறு அறிந்தவர் தாமே என்பது அவர்களது உரிமைக் கோரிக்கை. அக்கோரிக்கையே இங்கு விசாரணைக்குரியது.

விசாரணை நேர்மையானதாக அமையவேண்டுமெனின், அவர்களிடம் உள்ள அறிவை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். பதினெட்டுக் கிராம் தூளின் ஊடாக, ஏறத்தாழ 90 முதல் 96 பாகை செல்சியஸ் வரையான வெந்நீரை, ஒன்பது வளிமண்டல அமுக்கத்திலே செலுத்தி, இருபத்தைந்து முதல் முப்பது செக்கனுக்குள் முப்பத்தாறு கிராம் வரையான சாற்றைப் பெறுதல் எளிதான காரியமன்று. தூள் சற்றே பருத்துவிட்டால் நீர் விரைந்தோடிச் சாறு புளிக்கும். மிக நுண்ணியதாகிவிட்டால் நீர் திணறிச் சாறு கசக்கும். தூள் ஒருபுறம் தளர்ந்திருப்பின் நீர் அப்பக்கத்தால் வழிதேடிக்கொள்ளும். வறுத்துச் சில நாட்கள் கழிந்த வித்துக்கும் சில வாரங்கள் கழிந்த வித்துக்கும் ஒரே அளவு பொருந்தாது. ஒரு மாறியை மாத்திரம் மாற்றி ஏனையவற்றை நிலையாக வைத்து விளைவை நோக்கும் இவ்வொழுக்கத்தை, விஞ்ஞானபீட மாணவர் சிலரிடமேனும் காண விரும்பும் விரிவுரையாளர் பலர் இருப்பர். ஆதலின் இப்பொழுதுபோக்கைச் செல்வரின் பித்து என்று எள்ளி ஒதுக்கிவிடுவோர், விமர்சனம் செய்வதாக எண்ணிச் சோம்பலையே வெளிப்படுத்துகின்றனர். கைத்திறன் எவரிடத்தில் இருப்பினும் கைத்திறனே.

ஆனால் இத்திறன் எதனை மறந்து வளர்ந்தது என்பதே வினா.

எஸ்பிரசோவின் வரலாறு வீட்டினுள் தோன்றியதன்று. 1884 இல் இத்தாலியின் தூரின் நகரத்தில் அஞ்ஜெலோ மொரியொண்டோ நீராவியால் இயங்கும் கோப்பிப் பொறியொன்றுக்கு உரிமம் பெற்றார். 1901 இல் மிலான் நகரத்து லூயிஜி பெற்சேரா, கோப்பைக்குக் கோப்பை தனித்தனியே வடிக்கும் பொறிக்கு உரிமம் பெற்றார். தெசிதேரியோ பாவோனி அதனைத் தொழில்முறையில் உற்பத்தி செய்தார். கைத்தொழில் நகரத்தில் வேலைக்கு விரைபவன் காத்திராமல் குடித்துச் செல்லவேண்டும் என்பதே இப்பொறிகளின் நோக்கம். நீராவியின் அமுக்கம் குறைவாகையாலும் வெப்பம் மிகுதியாகையாலும் அக்காலக் கோப்பி கருகல் வாடை வீசியது. அச்சீர்கேட்டைத் தீர்த்தவர் மிலானில் மதுச்சாலை நடத்திய அக்கிலே கஜ்ஜியா. 1938 இல் உரிமம் கோரிய அவரது முயற்சி, யுத்தத்தின் பின் நெம்புகோலும் வில்லும் முசலமும் கொண்ட பொறியாக முதிர்ந்தது. பொன்னிற நுரை கோப்பியின் மேல் முதன்முதலிற் படர்ந்தது அப்போதுதான். 1961 இல் ஃபயெமா நிறுவனத்தின் ஈ-61, நெம்புகோலின் இடத்தில் மின்பம்பியை அமர்த்தியது. இத்தனை மாற்றங்களினூடும் இப்பானம் பொது இடத்தில், மேடையருகே நின்றபடி, சில்லறைக் காசுக்கு அருந்தப்படுவதாகவே இருந்து வந்தது. நின்றுகொண்டு அருந்தும் கோப்பியின் விலையை இத்தாலிய நகரசபைகள் நெடுங்காலம் கட்டுப்படுத்தி வந்தமையும் மனங்கொள்ளத்தக்கது. வீட்டிலோ, அல்பொன்சோ பியலெற்றி 1933 இல் ஆக்கிய அலுமினிய மொக்காப் பாத்திரமே அடுப்பில் ஏறியது.

விரைவுக்காகப் பிறந்த பானம் இன்று ஒரு கோப்பைக்கு அரைமணி நேரத்தை விழுங்குகிறது. தொழிலாளியும் எழுதுவினைஞனும் தோளோடு தோள் உரசி நின்ற மேடை, பூட்டிய வீட்டின் சமையலறைக்குள் ஒடுங்கிவிட்டது. இதனைப் பரிணாமம் என்று பெயரிட்டு அழைப்பது வசதியானது. அபகரிப்பு என்பதே பொருத்தமானது.

இன்னும் ஒன்று. புதிய வித்துப் பொதியொன்றைத் திறந்ததும், அதற்கேற்ற அரைப்பளவு அமையும்வரை வடித்தும் கொட்டியும் சரிபார்த்தல் இப்பொழுதுபோக்கின் அன்றாட முறை. மூன்று கோப்பைகள், நான்கு கோப்பைகள் கழுவுதொட்டியிற் கொட்டப்படுதல் இயல்பாகவே கொள்ளப்படுகிறது. பதினெட்டுக் கிராம் தூளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட வித்துக்கள் வேண்டும். ஒரு பழத்துள் பெரும்பாலும் இரு வித்துக்களே உள. அதாவது, கொட்டப்படும் ஒவ்வொரு கோப்பையும் ஐம்பதுக்கு மேற்பட்ட பழங்களாகும். ஒரே கிளையிற் பச்சையும் பழமும் கலந்து நிற்கும் அறபிக்காச் செடியில், சிவந்தவற்றை மாத்திரம் தெரிந்து பறிப்பதற்குச் சரிவான மலைப்புறத்தில் பொறியெதுவும் பயன்படுவதில்லை. விரல்களே பயன்படுகின்றன. தராசில் கிராமின் பத்திலொரு பங்கைத் தேடும் கண்ணுக்குத் தொட்டியில் ஓடுவது தென்படாமற் போவது எவ்வாறு? பண்டங்களிடையேயான உறவு மனிதரிடையேயான உறவை மறைத்துவிடும் என்று கார்ல் மார்க்ஸ் விளக்கியமைக்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது.

இதற்கு ஆர்வலர் தரும் விடை தெரிந்ததே. அவர்கள் வாங்குவது மலிவுக் கோப்பியன்று. தோட்டத்தின் பெயரும், கடல்மட்டத்திலிருந்து அதன் உயரமும், செடியின் இனமும், பதனிட்ட முறையும் அச்சிட்ட பொதியையே வாங்குகின்றனர். அதற்கு அதிக விலை கொடுக்கின்றனர். விடையில் உண்மை இல்லாமலில்லை. சிறு விவசாயிகள் சிலர் இதனாற் பயனடைந்துமுள்ளனர். ஆயினும் அப்பொதியை மீண்டும் ஒருமுறை படித்தல் தகும். உயரம் உண்டு, மழை உண்டு, சிலவேளை தோட்ட உரிமையாளரின் புகைப்படமும் உண்டு. பறித்தவருக்கு ஒரு நாளுக்கு என்ன கிடைத்தது என்பது மட்டும் இல்லை. 1962 இன் சர்வதேசக் கோப்பி உடன்படிக்கை, ஏற்றுமதிப் பங்கீட்டின் மூலம் விலையை ஓரளவு தாங்கி நின்றது. அப்பங்கீடு 1989 இல் கைவிடப்பட்டது. 2001, 2002 ஆம் ஆண்டுகளில் சர்வதேசச் சராசரி விலை இறாத்தலுக்கு 50 அமெரிக்க சதத்திற்கும் கீழே வீழ்ந்து, மத்திய அமெரிக்காவிலும் எதியோப்பியாவிலும் குடியானவர் நிலைகுலைந்தனர். அதே ஆண்டுகளிலேதான் தனிச்சுவைக் கோப்பி என்னும் இயக்கம் செல்வ நாடுகளிற் செழித்தோங்கியது. இரண்டும் ஒரே செடியின் வரலாறு. கோப்பி அறிவு எனப்படுவது பின்னதை மாத்திரம் பாடமாக்கியுள்ளது.

இலங்கையில் இருந்துகொண்டு இவ்வறிவை அப்படியே இறக்குமதி செய்வோரின் நிலை இன்னும் விசித்திரமானது. பேராதனையை அடுத்த கன்னொறுவையில் தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் 1820களிற் கோப்பி பயிரிட்டார். அதன்பின் கண்டிச்சீமையின் காடுகள் கோப்பிக்காகவே அழிந்தன. அக்காடுகளை அழித்தவரும், செடி நட்டவரும், பழம் பறித்தவரும் திருநெல்வேலியிலும் மதுரையிலும் இராமநாதபுரத்திலும் திருச்சியிலும் இருந்து பஞ்சத்தால் உந்தப்பட்டு வந்தோர். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் எத்தனையோ பேர் அவ்வழியிலேயே மாண்டனர். 1870 அளவில் ஆண்டுக்கு ஏறக்குறைய பத்து இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதியாகுமாறு உழைத்தவர்கள் அவர்களுள் எஞ்சியோரும் அவர்களின் பின் வந்தோருமே. மலையகத் தமிழில் அச்சேறிய மிக முந்திய ஆக்கங்களுள் ஒன்று, 1869 இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் கோப்பிக் கிருஷிக் கும்மி என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. மலையக இலக்கியம் தேயிலையில் தொடங்கவில்லை, கோப்பியில் தொடங்கியது. எதியோப்பியச் செடியினங்களின் பெயர்களை வரிசையாக ஒப்புவிக்கும் கொழும்புச் சுவைஞருக்கு இந்நூலின் பெயர் தெரிந்திருக்குமாயின் மகிழ்ச்சியே.

‘பழையதைக் கிளறுவதால் பயன் என்ன? கோப்பைச் சாறு அதனால் இனிக்கப்போகிறதா?’ என்று கேட்கப்படலாம். இனிக்காதுதான். ஆனால் பழையதைக் கிளறுவோர் அவர்களே. இலங்கைக் கோப்பி மீண்டும் சந்தைக்கு வரத் தொடங்கியதன் பின், தொலைந்துபோன பொற்காலம் என்ற கதை பொதிகளோடு சேர்த்தே விற்கப்படுகிறது. அக்கதையிலே துணிவுமிக்க துரைமார் வருகின்றனர். 1869 இல் இலைகளிற் செம்மஞ்சட் புள்ளியாகத் தோன்றிய ஹெமிலேயா வஸ்ராற்றிக்ஸ் என்னும் பங்கசு வருகிறது. அதனை ஆராய 1880 இல் வந்த மார்ஷல் வார்ட் வருகிறார். முடிவில் லூல்கந்துரையின் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையோடு வந்து யாவரையும் காப்பாற்றுகிறார். பங்கசுக்குக்கூட இலத்தீன் பெயர் சொல்லப்படும் அக்கதையில், கோப்பி மடிந்தபோது கூலி மாதக்கணக்காக நிலுவையில் நின்ற லயங்களைக் காணோம். 1884 இல் ஒரியன்ரல் வங்கி முறிந்தபோது பணம் இழந்தோரின் துயரம் எழுதப்பட்டிருக்கிறது. வங்கியிற் போடுவதற்கு எதுவுமில்லாது, கங்காணியின் கடன்கணக்கில் மாத்திரம் பெயர் பதிந்திருந்தோர், வந்த வழியே திரும்பி நடந்ததையும், திரும்ப வழியின்றிச் சிங்கோனாவுக்கும் தேயிலைக்கும் மாற்றி நடப்பட்டதையும் அப்பொதிகளில் எழுதுவதற்கு இடம் போதவில்லை போலும். சுவைக் குறிப்புகளுக்கு மட்டும் போதுமான இடம் இருக்கிறது: தோடம்பழம், கருஞ்சீனி, மல்லிகை.