நிழற்படத்தில் இல்லாதவர்கள்

கோலகங்சார் நகரில் ஒரு பால்மரம் பாதுகாக்கப்படுகிறது. 1877ஆம் ஆண்டளவில் நடப்பட்ட மரம் அது; பிரேசில் நாட்டு விதை இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்துக் கீழை நாடுகளுக்கு வந்த கதைக்குச் சாட்சியாக நிற்பது. அதற்கு வேலி உண்டு, பெயர்ப்பலகை உண்டு, நட்ட ஆண்டு உண்டு. வழிப்போக்கர் அதன் அருகில் நின்று நிழற்படம் எடுத்துச் செல்கின்றனர். மரத்துக்கு அந்த மரியாதை தகும். ஆயின், அம்மரத்தின் இனத்தை மலாயா எங்கும் நட்டு, விடியுமுன் எழுந்து உளியால் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்துக் காண்டாவில் சுமந்து நடந்த தமிழர்க்கு என்ன பலகை வாய்த்தது? பேரா மாநிலத்துத் தோட்டங்களில் மூன்று தலைமுறை உழைத்த ஒரு குடும்பத்தில், பாட்டனார் நிரையில் நின்று மரம் சீவும் படம் ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் போதும். பெரும்பாலான வீடுகளில் மௌனமே விடையாக வரும்.

இக்குறை தற்செயலாக நேர்ந்தது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. படக்கருவி எவர் கையில் இருந்ததோ அவர் பார்வையே வரலாறாயிற்று. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. ஈப்போவை அடுத்த பத்து காஜாவுக்குப் போனால் போதும். அங்கே வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துத் தோட்டத்துரை எழுப்பத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாளிகை நிற்கிறது. 1926ஆம் ஆண்டில் அவர் லிஸ்பன் நகரில் மாண்டதும் வேலை நின்று போயிற்று. அவர் பெயர், அவர் மனைவி மக்களின் பெயர், கட்ட எண்ணிய மின்தூக்கி ஆகியன எல்லாம் அங்கு வருவோர்க்குச் சொல்லப்படுகின்றன. செங்கல் சுமந்த தமிழர்களோ 'சென்னையிலிருந்து வரவழைக்கப்பட்ட தொழிலாளர்கள்' என்ற ஒரே தொடருக்குள் அடங்கிவிடுகின்றனர். நச்சுக்காய்ச்சல் பரவி அவர்களில் பலர் மாண்டனர். எஞ்சியவர்கள் கேட்டபடி துரை அருகிலேயே மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பித் தந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அக்கோயிலின் மேல்தளத்தில், தெய்வ உருவங்களுக்கு நடுவே, கால்சட்டையும் மேற்சட்டையும் அணிந்த ஓர் உருவம் நிற்கிறது. அது துரையின் உருவம் என்பர். தொழிலாளர் தம் கோயிலில் துரைக்குச் சிலை வைத்தனர். தொழிலாளர்க்குச் சிலை வைத்தவரும் இல்லை, படம் பிடித்து வைத்தவரும் இல்லை. மாளிகையைப் படம் எடுக்க வருவோரில் எத்தனை பேர் அந்தக் கோயில் வரை நடக்கின்றனர்?

துரைமார் காலத்துப் படத்தொகுப்புகளில் தோட்டம் இடம்பெறாமல் இல்லை. ஒழுங்காக நிரை பிடித்த மரங்கள், பங்களா, புகைக்கூண்டு, நிருவாகிகள் நாற்காலியில் அமர்ந்திருக்கும் காட்சி எனப் பல உண்டு. அவற்றில் தொழிலாளி நிற்கும்போது, மரத்தின் பருமனைக் காட்டும் அளவுகோலாகவே பெரும்பாலும் நிற்கிறான். படத்தின் கீழே தோட்டத்தின் பெயர் இருக்கும். அவன் பெயர் இராது. இதில் கருவியின் குறையும் ஒன்று கலந்திருந்தது. வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால், சீவும் வேலை விடியற்கருக்கலிலேயே தொடங்கும். அக்காலப் படக்கருவிக்கோ நிறைந்த ஒளி வேண்டும். ஆகவே பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் வேளையும், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் உளி பட்டையில் இறங்கும் வேளையும் படத்தில் விழவே இல்லை. விழுந்ததெல்லாம் வேலை முடிந்தபின் நிறுத்தி வைத்த கோலம்.

அதன்பின் படம் பிடித்தது அரசு. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாட்டில் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயது நிறைந்த ஒவ்வொருவரும் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற நடைமுறையும் உடன் வந்தது. தோட்டப்புறத்துப் பெண்கள் பலருக்கு வாழ்வில் முதன்முதலாக எடுக்கப்பட்ட படம் அதுவாகவே இருந்திருக்க வேண்டும். சந்தேகப்படுவதற்காக எடுத்த படம்! சிரிக்கச் சொல்லி எடுத்ததன்று. நினைவுக்காக எடுத்ததும் அன்று.

இதே காலத்தில் ஆங்கிலேயர் தம் சொந்த நாட்டில் என்ன செய்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். விட்பி என்பது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள ஒரு சிறு துறைமுகப் பட்டணம். அங்கே நிழற்பட நிலையம் நடத்தி வயிறு வளர்த்த பிராங்க் மெடோ சட்கிளிஃப் (1853–1941), வாடிக்கையாளர் இல்லாத வேளைகளில் கருவியைத் தூக்கிக்கொண்டு துறைக்குப் போய்விடுவார். வலை உலர்த்தும் மீனவர், தூண்டிலுக்கு இரை கோக்கும் பெண்கள், நீரில் விளையாடும் சிறுவர்கள் ஆகியோரே அவருடைய கதைமாந்தர். இன்று அந்த ஊரின் வரலாற்றை அப்படங்களை விட்டுவிட்டு எவராலும் எழுத இயலாது. 1897ஆம் ஆண்டில் பெஞ்சமின் ஸ்டோன் என்பவர் தேசிய நிழற்படப் பதிவுச் சங்கம் ஒன்றையே நிறுவி, ஊர்த் திருவிழாக்களையும் பழைய கட்டடங்களையும் வருங்காலத்தார் காணப் பதிந்து வைக்கச் செய்தார். தன் நாட்டு மீனவனைப் பெயர் சொல்லிப் படம் எடுக்கத் தெரிந்த இனம், தன் தோட்டத்துத் தொழிலாளியைச் சொத்துக் கணக்கில் சேர்த்தே படம் எடுத்தது. அதைக் குற்றம் சாட்டுவது எளிது. அவர்கள் போய்ப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன; அதற்குப் பின்னும் கருவியைக் கையில் எடுக்காதவர்கள் எவர் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயத்தின் வரலாறு காக்கப்பட்டிருப்பதைக் காண்போர்க்கு இக்கேள்வி இன்னும் கூர்மையாக உறைக்கும். 1938ஆம் ஆண்டில் கட்டி 1982 வரை ஓடிய ஈயக்கப்பல் ஒன்று தஞ்சோங் துவாலாங் சாலையருகே இன்றும் காட்சிக்கு நிற்கிறது. கம்பாரில் ஈயச் சுரங்கத்துக்கென அருங்காட்சியகம் 2012இல் திறக்கப்பட்டது. ஈப்போ பழைய நகரில் ஹக்காச் சீனச் சுரங்க முதலாளிகள் கூடிய ஹான் சின் பெட் சூ மனை, இன்று அவர்கள் வாழ்வைக் கூறும் காட்சியகம். 2014இல் எர்னஸ்ட் சகரேவிச் என்னும் ஓவியர் வரைந்த சுவரோவியங்களில் காப்பி அருந்தும் முதியவர் ஒருவர் சுவரளவு உயர்ந்து நிற்கிறார். சீனர் தம் தாத்தாமாரின் படங்களையும் தட்டுமுட்டுகளையும் பரணில் தேடி எடுத்துக் கொண்டுவந்து கொடுத்ததால் அவை நிறைந்தன. பொறாமைப்படுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. கற்றுக்கொள்வதற்கு நிறைய உண்டு. ஓர் இரும்புக் கப்பலுக்குக் கிடைத்த முதுமை எந்த லயத்துக்குக் கிடைத்தது?

தமிழர் படமே எடுக்கவில்லையா என்றால், எடுத்தனர், கட்டுக்கட்டாக எடுத்தனர். எந்த ஆண்டுவிழா மலரைப் புரட்டினாலும் மாலையிட்ட தலைவர், மாலையிடும் தலைவர், மாலையை வாங்கி மேசைமேல் வைக்கும் தலைவர் என மூன்று நிலைகளில் ஒருவரே காட்சி தருவார். 1950களிலும் 1960களிலும் ஆங்கிலேயக் குழுமங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலைகுலைந்தன. அதற்கு மாற்றாகவே சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கத்தின் கூட்டங்களுக்குப் படம் இருக்கும். துண்டாடப்பட்ட தோட்டத்திலிருந்து மூட்டை கட்டிப் புறப்பட்ட நாளுக்குப் படம் எங்கே? எழுத்தாளர் தம் பங்கை ஓரளவு செய்தனர் என்று ஒப்புக்கொள்ளலாம். தமிழகத்திலிருந்து வந்து கண்ட அகிலனே 'பால்மரக் காட்டினிலே' எழுதினார், ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' படைத்தார். அந்த ரயில் பாதையையே எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியக் கைதி ஜார்ஜ் ஆஸ்பினால் ஒளித்து வைத்த சிறு கருவியால் அங்கே படம் எடுத்தார். பிறர் மறைவாகச் சித்திரம் தீட்டினர். காஞ்சனபுரிக் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்குத் தனித்தனிக் கல் உண்டு. தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டுப் பல்லாயிரக்கணக்கில் மாண்ட தமிழர்க்கு முகமும் இல்லை, தனித்தனிக் கல்லும் இல்லை. முகம் இல்லாதவர்க்காக வழக்காடுவது எத்துணைக் கடினம் என்பதை, அவர்களுக்காகப் பின்னாளில் குரல் கொடுத்தோர் நன்கறிவர்.

'லயத்தைப் படம் எடுத்து மானத்தை ஏன் வாங்க வேண்டும்' என்று கேட்கும் படித்தவர்கள் உளர். ஒழுகும் தகரக் கூரையும் பொதுக் குழாயடியும் தொழிலாளிக்கு மானக்கேடு அல்ல. அவற்றைக் கொடுத்த நிருவாகத்துக்கே மானக்கேடு. படம் இல்லாவிட்டால் தப்பிப்பவர் அவரே. தோட்டம் விற்கப்படும்போது, 'இங்கே கோயில் இருந்ததே இல்லை' என்று சொல்லும் வாய்களும் உண்டு. 1970களில் எடுத்த ஒரு திருவிழாப் படம், பின்னணியில் கோயிலும் அரசமரமும் தெரிய ஒரு வீட்டுப் பெட்டியில் கிடந்திருக்குமானால், அந்த வாய்க்கு அதுவே பதில்.

நேர்மாறான நோய் ஒன்றும் பரவி வருகிறது. தோட்ட வாழ்வைப் பொற்காலமாகப் பூசி மெழுகும் நோய் அது. திடலில் திரை கட்டிக் காட்டிய படமும், தீபாவளிக்கு வெட்டிய ஆடும் நினைவுக்கு வருகின்றன. கள்ளுக்கடையும், ஆயாக்கொட்டகையில் பாலுக்கு அழுத குழந்தையும், செக்ரோலில் அரைப்பேராக வெட்டப்பட்ட நாளும் வருவதில்லை. அழகிய காலைப் பனியில் மரநிரையைப் படம் எடுத்து மகிழ்வது துரை செய்த வேலை. அதைத் தமிழன் மறுபடி செய்வதால் என்ன பயன்?

இன்று கைப்பேசி இல்லாத மாணவன் அரியவன். படப்பெருக்கத்துக்குக் குறைவில்லை, எழுத்துத்தான் இல்லை. பெயரும் இடமும் ஆண்டும் குறிக்கப்படாத படம், இருபதாண்டு கழித்து யாரோ ஒருவரின் முகமாகிவிடும். 'தொழிலாளி' என்று எழுதினால் துரை எழுதியதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. இன்னார் மகள் இன்னார், இன்ன தோட்டம், இன்ன பிரிவு, இன்ன வேலை, படத்தில் தெரியும் கருவி எதற்குப் பயன்பட்டது என்று எழுத வேண்டும். ஒட்டுப்பாலின் வீச்சத்தை எந்தப் படமும் காட்டாது. அதையும் எழுத வேண்டும். இது பாடத்திட்டத்தில் இல்லை என்று ஆசிரியர் சிலர் தட்டிக் கழிப்பர். கட்டுரைப் பாடம் இருக்கிறதே! 'ஒரு நாணயத்தின் தன்கதை' எழுதச் சொல்லும் கைக்கு, 'பாட்டியின் உளியின் கதை' எழுதச் சொல்வது பெருஞ்சுமையா? நாடு விடுதலை பெற்றபோது எண்ணூறுக்கு மேலிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். மூடப்பட்டவற்றுள் எத்தனைக்கு வகுப்பறையின் உட்புறப் படம் ஒன்றேனும் எஞ்சியிருக்கிறது என்பதை அப்பள்ளிகளின் பழைய மாணவரே கணக்கிட்டுச் சொல்லட்டும்.

படம் எடுக்கப் போவோர் ஒன்றை மறத்தல் ஆகாது. எஞ்சியுள்ள லயங்கள் பலவற்றில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் குடியிருக்கின்றனர். அவர்களிடம் கேட்காமல், அவர்கள் வாசலில் நின்று 'எங்கள் வீடு' என்று படம் எடுப்பது பண்பாகாது. அவர்கள் பெயரையும் கேட்டு எழுதுதல் வேண்டும். இன்று அந்தத் தகரக் கூரையின் கீழ் ஒழுகல் படுவோர் அவர்களே.

லயம் இடிக்கப்பட்டுச் செம்பனை நட்ட இடங்களில், அடுப்படியின் பின்புறம் வைத்த முருங்கையோ மாமரமோ இன்னமும் ஒன்றிரண்டு தப்பி நிற்பதுண்டு. அதைக் கண்டு, 'இது ஏழாம் வீட்டு முருங்கை. இதற்கு இடப்புறம் குழாயடி. அதோ அங்கே பெரட்டுக்களம்' என்று கைநீட்டிச் சொல்லக்கூடிய மூதாட்டியர் சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் பீடோரிலும் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் எண்பதைத் தாண்டியவர்கள். வரும் பள்ளி விடுமுறையில் ஒரு மாணவன் கைப்பேசியோடும் குறிப்பேட்டோடும் அவர்களில் ஒருவரை அழைத்துக்கொண்டு செம்பனைக்குள் நடக்கலாம். அடுத்த விடுமுறைக்கு அவர் நடக்கும் நிலையில் இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.