படிப்பகத்துக்கும் ஒரு வழக்கறிஞர் வேண்டும்

கடலூர் மாவட்டத்தில் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் பட்டியல் சாதியினர். காட்டுமன்னார்கோவிலில் தொடங்கித் திட்டக்குடி வரை, நம் குடியிருப்புகளில் அண்ணல் பெயரில் படிப்பகம், இரவுப் பாடசாலை, இளைஞர் மன்றம், மகளிர் அறக்கட்டளை என்று ஊருக்கு ஊர் பார்க்கலாம். இவற்றுக்குப் பின்னால் மிராசுதாரும் இல்லை, கோயில் நிலமும் இல்லை. கூலி வேலைக்கு வெளியூர் போன பிள்ளைகள் அனுப்பிய நூறும் இருநூறும், வேலைக்குப் போன முதல் தலைமுறை அரசு ஊழியர்கள் ஒதுக்கிய தொகையும் சேர்ந்து எழுந்தவை. மற்ற தெருக்களுக்குச் சத்திரம், சாவடி, தோப்பு என்று தலைமுறை தலைமுறையாகப் பொதுச் சொத்து உண்டு. நமக்குப் பெரும்பாலும் இந்த நாலரைச் சென்ட் இடமும் தளம் போட்ட ஓர் அறையும்தான் பொதுச் சொத்து. அதன் காகிதங்களைக் காப்பது யார் என்பதே இன்றைய கேள்வி.

ஒரு வன்கொடுமை நடந்தால் வழக்கறிஞரைத் தேட நாம் கற்றுக்கொண்டிருக்கிறோம். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை மேடையில் பேசாத தலைவர் இல்லை. ஆனால் அமைப்பு ஒன்றைத் தொடங்கும்போது மட்டும் நமக்குச் சட்டத்தின் நினைவே வருவதில்லை. பதிவு அலுவலக வாசலில் இருக்கும் ஆவண எழுத்தர், வேறு யாருக்கோ எழுதிய பழைய பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றித் தருகிறார். கையெழுத்துப் போட்டு, புகைப்படம் எடுத்து, பெயர்ப்பலகை மாட்டிவிடுகிறோம். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குறிப்பிட்ட ஒரு சாதியின் நலனுக்காக அமைந்த அறக்கட்டளைக்கு வரிவிலக்கு இல்லை என்கிறது. அதே பிரிவின் விளக்கம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நலனுக்காக அமைந்த அறக்கட்டளையை அப்படிக் கருதக் கூடாது என்று விலக்கு அளிக்கிறது. நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி பிரிவிலும் இதே பாதுகாப்பு உண்டு. அதாவது, பத்திரத்தில் “பட்டியல் சாதி மக்களின் முன்னேற்றத்துக்காக” என்று எழுதினால் சட்டம் நம் பக்கம் நிற்கிறது. ஒரே ஒரு உட்சாதியின் பெயரை மட்டும் எழுதிவிட்டால் தேவையில்லாத கேள்விக்கு வழி விடுகிறோம். ஒரு வரியில் இருக்கிறது வித்தியாசம். அந்த வரியை எழுதத் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பதில்லை.

அறக்கட்டளையைக் கலைத்தால் சொத்து யாருக்குப் போகும் என்ற பிரிவும் அதைப் போன்றதே. இதே நோக்கம் கொண்ட வேறொரு அமைப்புக்குத்தான் போக வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் வரித்துறை கேட்கும். அதற்கு முன் நிறுவனரின் வாரிசுகள் கேட்பார்கள்.

பத்திரம் சரியாக இருந்தாலும் போதாது. முன்பு 12ஏ பதிவு ஒருமுறை வாங்கினால் நிரந்தரம். 2020-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதை மாற்றியது. 2021 ஏப்ரல் முதல் பழைய அமைப்புகள் அனைத்தும் மறுபடியும் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. அந்தப் பதிவும் ஐந்து ஆண்டுக்குத்தான். புதிய அமைப்புக்கு முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு. காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டு வருமானம் ஐந்து கோடி ரூபாயைத் தாண்டாத அமைப்புகளுக்குப் பதிவுக் காலத்தைப் பத்து ஆண்டாக 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நீட்டியது. நல்ல செய்திதான், ஆனால் எத்தனை படிப்பகங்களின் செயலாளருக்கு இது தெரியும்? இப்போது 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டமும் 2026 ஏப்ரல் 1 முதல் என்று வந்துவிட்டது. நாம் மனப்பாடம் செய்து வைத்த பிரிவு எண்கள்கூட இனிப் பழங்கணக்கு.

தவறவிட்டால் என்ன ஆகும்? சலுகை போகும், அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். அவ்வளவோடு நிற்காது. பதிவை ரத்து செய்தாலோ, உரிய காலத்தில் புதுப்பிக்காமல் விட்டாலோ, அமைப்பின் நிகரச் சொத்து மதிப்பின் மீதே உச்ச விகிதத்தில் வரி போட 115டிடி பிரிவு இடம் கொடுத்தது. 2016-இல் வந்த இந்தப் பிரிவை, புதுப்பிக்கத் தவறியவர்களுக்கும் பொருந்தும்படி 2023-இல் விரித்தார்கள். சிதம்பரம் நகருக்குப் பக்கத்தில் இருபது லட்ச ரூபாய் மதிப்புள்ள இடமும் கட்டடமும் வைத்திருக்கும் ஓர் அறக்கட்டளைக்குக் கடன் ஏதும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். வரி ஆறு லட்சத்தைத் தாண்டும். மாதச் சந்தா ஐம்பது ரூபாயில் நடக்கும் அமைப்பு அதை எங்கே போய்க் கட்டும்? இடத்தை விற்றுத்தான் கட்ட வேண்டும். தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டினால் ஆணையர் மன்னிக்கலாம் என்று 2024-இல் ஒரு வழி திறந்தார்கள். அந்த மனுவை எழுதவும் ஆள் வேண்டும்.

நோட்டீஸ் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு சொல். இப்போது தபால்காரர் வந்து நோட்டீஸ் தருவதில்லை. வரித்துறையின் இணையக் கணக்குக்கும் பதிவு செய்த மின்னஞ்சலுக்கும் வருகிறது. அந்த மின்னஞ்சல் ஆடிட்டருடையது. பாஸ்வேர்டு அவர் அலுவலகத்துப் பையனிடம். ஓடிபி போவது எப்போதோ நம்பர் மாற்றிய முன்னாள் பொருளாளருக்கு. பதில் சொல்லாத அமைப்பு என்று முத்திரை விழுகிறது. வரிவிலக்குப் பதிவைக் கவனிக்கும் ஆணையர் இருப்பது சென்னையில். மனுவைத் தள்ளுபடி செய்தால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் சென்னையில். விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அங்கே போய் வாதாடப் பேருந்துக் கட்டணம் முதலில் வேண்டும், வழக்கறிஞர் கட்டணம் பிறகு.

பணம் வரும் வாசல்களும் இந்தக் காகிதங்களில்தான் இருக்கின்றன. வெளிநாட்டு நிதி பெறும் பெரிய தொண்டு நிறுவனம் அதில் ஒரு பகுதியைச் சிறிய அமைப்புக்குப் பிரித்துத் தரும் வழக்கம் முன்பு இருந்தது. 2020-இல் திருத்திய வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் அதைத் தடை செய்தது. மிஞ்சியது உள்நாட்டு நன்கொடையும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும். நம் மாவட்டத்திலேயே நெய்வேலியில் என்.எல்.சி. இருக்கிறது, கடலூரில் சிப்காட் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் 2021 முதல், அந்த நிதியில் பணி செய்யும் அறக்கட்டளையோ சங்கமோ வரிவிலக்குப் பதிவும் 80ஜி பதிவும் வைத்திருக்க வேண்டும். மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறையிலும் தனியாகப் பதிந்திருக்க வேண்டும். பெரிய நகரத்து அமைப்பு வழக்கறிஞரும் ஆடிட்டரும் வைத்துக்கொண்டு வந்து நம் குடியிருப்பில் பணி செய்கிறது. அந்தக் குடியிருப்பின் சொந்த அமைப்பு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறது. நம் பிள்ளைகளின் படிப்பை யார் நடத்துவது என்பதைக்கூட இப்படிக் காகிதம் முடிவு செய்கிறது.

“வரி கட்டாமல் தப்பிக்கத்தானே அறக்கட்டளை” என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி நடத்துபவர்களும் உண்டு, நம்மிடையேயும் உண்டு. அண்ணல் பெயரில் வசூலித்துத் தம்பிக்குச் சம்பளம், மருமகனுக்கு வண்டி என்று கணக்கு எழுதுபவரைக் காப்பாற்ற நாம் வழக்கறிஞர் கேட்கவில்லை. வருமானத்தில் 85 சதவீதத்தைப் பொதுவாக அந்தந்த ஆண்டிலேயே அறப்பணிக்குச் செலவிட வேண்டும், அறங்காவலருக்கோ உறவினருக்கோ ஆதாயம் போகக் கூடாது, நன்கொடைக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள் எல்லாம் ஊர்ச் சொத்தை நிர்வாகியிடமிருந்து காக்கும் வேலிதான். நல்ல வழக்கறிஞர் இதை முகத்துக்கு நேரே சொல்வார். இன்னொன்றும் சொல்வார்: எல்லாப் படிப்பகத்துக்கும் வரிவிலக்குப் பதிவு தேவையில்லை. சில ஆயிரம் ரூபாய்ச் சந்தாவில் நடக்கும் மன்றத்துக்கு, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒழுங்காகப் பதிந்து, ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளருக்குக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் கொடுத்தாலே போதுமானதாக இருக்கலாம். தேவையில்லாத சுமையைத் தூக்காதே என்று சொல்வதும் சட்ட உதவிதான்.

அண்ணல் 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையையும் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தையும் தொடங்கினார். போராட்டத்தின் வேகத்திலும் அவர் அமைப்புக்கு விதிகளும் பொறுப்பாளர்களும் வைத்தார். அவரே வழக்கறிஞர்; காகிதத்தின் வலிமை அவருக்குத் தெரியும். நம் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் எழுப்பிய கல்வி நிறுவனம், ஒரு தனிமனிதரின் ஆயுளைத் தாண்டி நின்றதால்தான் இத்தனை தலைமுறை படித்தது. ஆள் போன பிறகும் அமைப்பு நிற்க வேண்டுமானால் அதற்குச் சட்ட உடல் வேண்டும்.

வழி என்ன? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்தவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. நீதிமன்ற வழக்கோடு, தீர்ப்பாயம் முதலான அதிகார அமைப்புகளின் முன் நடக்கும் நடவடிக்கையும், சட்ட விஷயம் எதிலும் ஆலோசனை சொல்வதும் “சட்டப் பணி” என்பதில் அடங்கும். ஆனால் இந்த உரிமை தனி ஆளுக்கு எழுதியது. நூறு தலித் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை அந்தப் பட்டியலில் இல்லை. தனியாக வந்தால் உதவி, சேர்ந்து வந்தால் இல்லை என்பது என்ன நியாயம்?

சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் வட்டக் குழுக்களும் மாதம் ஒரு நாளைச் சிறு அமைப்புகளுக்கு என்று ஒதுக்கலாம். சங்கப் பதிவும் அறக்கட்டளைச் சட்டமும் வரியும் தெரிந்த ஒரு வழக்கறிஞரையும், சேவையாக வரும் ஓர் ஆடிட்டரையும் உட்கார வைக்கலாம். விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரி மாணவர்களும் அண்ணாமலைப் பல்கலைக்கழக வணிகவியல் மாணவர்களும் கூட இருந்தால் அவர்களுக்கும் அது பாடம். ஆதிதிராவிடர் நலத்துறை, மாதிரி அறக்கட்டளைப் பத்திரத்தையும் ஆண்டு நாட்காட்டியையும் எளிய தமிழில் அச்சிட்டுத் தரட்டும். கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் நீதிமன்றங்களில் இருக்கும் நம் வழக்கறிஞர்கள் ஆளுக்கு ஓர் அமைப்பைத் தத்தெடுத்துக்கொள்ளட்டும். குற்ற வழக்கில் ஜாமீன் வாங்குவது போல இதற்குக் கைதட்டு கிடைக்காது. ஆனால் ஓர் ஊரின் இடம் தப்பும்.

நம் பங்கும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் நான்கு பொருட்களை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள்: மூலப் பத்திரம், வரிப் பதிவுச் சான்று, தீர்மானப் புத்தகம், இணையக் கணக்கின் பாஸ்வேர்டு. சான்றில் எந்தத் தேதிவரை என்று இருக்கிறதோ அதைப் படிப்பகச் சுவரில் எழுதி வையுங்கள். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் வட்ட சட்டப்பணிகள் குழுவின் கதவைத் தட்டுங்கள், அல்லது 15100 என்ற இலவச எண்ணை அழையுங்கள். இது எங்கள் வேலை இல்லை என்று பதில் வந்தால், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த கோரிக்கையை அந்தக் காகிதத்திலிருந்து தொடங்குவோம்.