கூரை மேல் சோலார்: கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

மலாய் மொழியில் 'அத்தாப்' என்றால் கூரை. தோட்டத்து லயங்களின் 'அத்தாப்பு' நமக்கு அந்த வழியில் வந்த சொல்தான். 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்துள்ள அரசாங்கத்தின் புதிய திட்டத்துக்கும் 'சோலார் அத்தாப்' என்றே பெயர். கூரையில் எடுக்கும் மின்சாரத்தில் மிஞ்சுவதை டிஎன்பி-க்கு அனுப்பி, பில்லில் கழித்துக்கொண்ட பழைய 'நெம்' திட்டம் 2025 ஜூன் 30-உடன் முடிந்தது. மறுநாளே மின்கட்டண முறையும் மாறியது. சோலார் போடலாமா என்ற பேச்சு ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், பாயான் பாரு வரிசை வீடுகளில் இன்று சாதாரணமாகிவிட்டது.

விற்க வருகிறவர் மாதம் எத்தனை வெள்ளி மிச்சம், போட்ட முதல் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று கணக்குக் காட்டுவார். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் தீ பற்றினால் என்ன நடக்கும், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற இரண்டையும் நாம் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

முதலில் பயத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். சோலார் மிகுந்த நாடான ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக் கழகம் பார்த்த கணக்கின்படி, பெருஞ்சேதம் உண்டாக்கிய தீக்குக் காரணமாக இருந்தவை மொத்த அமைப்புகளில் 0.006 விழுக்காடு. லட்சத்துக்கு ஆறு. நன்றாகப் பொருத்திய சோலார் ஆபத்தானதல்ல. கவலை எல்லாம் அவசரத்தில் பொருத்தியதைப் பற்றியதுதான்.

வீட்டில் மின்சாரத்தால் தீப்பிடித்தால் நாம் என்ன செய்வோம்? மெயின் சுவிட்சை அடைப்போம். சோலார் உள்ள வீட்டில் அது பாதி வேலைதான். மெயினை அடைத்தால் இன்வெர்ட்டர் நின்றுவிடும். ஆனால் வெயில் இருக்கும்வரை கூரைத் தகடுகளிலும் அங்கிருந்து இறங்கும் கம்பியிலும் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். ஒரு தகடு சுமார் 40 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துத் தகடுகளை வரிசையாக இணைத்தால் 400 வோல்ட். சூரியனை அடைக்க சுவிட்ச் கிடையாது.

அதுவும் நேர்மின்சாரம். டிஎன்பி தரும் மாறுமின்சாரம் ஒரு விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால், இணைப்பில் பொறி கிளம்பினாலும் தானே அணைய வாய்ப்புண்டு. நேர்மின்சாரத்தில் அந்த இடைவெளி இல்லை. தளர்ந்த இணைப்பில் ஒருமுறை கிளம்பிய பொறி விடாமல் எரியும். பிரிட்டனில் சோலார் தீச்சம்பவங்களை ஆராய்ந்த கட்டட ஆய்வு நிறுவனம் முதலில் சுட்டிக்காட்டியது நேர்மின்சாரத் துண்டிப்பு சுவிட்சையே. அதற்குள் ஈரம் புகுவது, இணைப்பைச் சரியாக முறுக்காமல் விடுவது போன்ற பொருத்தும்போது நேரும் குறைகளே பெரும்பாலும் காரணம். பினாங்கு மழையையும் இடி மின்னலையும், கம்பி கடிக்கும் எலி, அணில்களையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இனி தீயணைக்க வருகிறவர் பக்கம். 2013 செப்டம்பர் 1-ஆம் தேதி அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், டெலான்கோ என்ற ஊரில் 'டீட்ஸ் அண்ட் வாட்சன்' நிறுவனத்தின் இறைச்சிக் கிடங்கு தீப்பற்றியது. தகடுகளால் தீ வந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கூரையில் 7,000-க்கும் மேற்பட்ட தகடுகள் இருந்தன. கூரையில் ஏறித் துளையிட்டுப் புகையை வெளியேற்ற வீரர்களை அனுப்ப முடியவில்லை. கட்டடம் எரிந்து தரைமட்டமானது. 2014-இல் அமெரிக்க மின் விதித்தொகுப்பு, கூரைக் கம்பிகளின் மின்னழுத்தத்தை உடனே இறக்கும் 'விரைவு நிறுத்த' வசதியைக் கட்டாயமாக்கியது. கூரை ஓரத்தில் ஆள் நடக்க இடைவெளி விட வேண்டும் என்ற விதியும் பல நாடுகளில் உண்டு.

நம் ஊரில் இது பக்கத்து வீட்டுக்காரர் விஷயமும்கூட. ஜார்ஜ்டவுன் தோன்றிய காலத்தில் அத்தாப்புக் கூரைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தீயைக் கடத்தித் தெருக்களையே அழித்தன. செங்கல் சுவரும் ஓடும் அந்த அனுபவத்தில் வந்தவை. 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களும் அதையே சொல்கின்றன: இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் கூரைக்கு மேல் குறைந்தது 225 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். தீ தாவாமல் தடுக்கும் வேலி அது. இன்னும் இரண்டு தகடு கூடுதலாகப் போடலாமே என்று அந்தச் சுவரை ஒட்டியோ அதன் மேலாகவோ தகடுகளை நீட்டினால், வேலி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

அனுமதி யார் கையில் இருக்கிறது? மூன்று வாசல்கள். மின்சாரப் பக்கம் செடா எனப்படும் நிலைத்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையமும் டிஎன்பி-யும். செடாவில் பதிந்த நிறுவனம் விண்ணப்பிக்கும். டிஎன்பி மீட்டரை மாற்றித் தரும். இதை விற்பனையாளரே பார்த்துக்கொள்வார். கட்டடப் பக்கம் பினாங்குத் தீவில் எம்பிபிபி மாநகர் மன்றம், பெருநிலத்தில் எம்பிஎஸ்பி. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இவர்கள் கையில். மூன்றாவது பொம்பா.

எல்லாக் கூரைக்கும் ஒரே விதி இல்லை. தரை வீட்டுக்கு நடைமுறை எளிது. அடுக்குமாடியில் கூரை எல்லாருக்கும் பொதுச் சொத்து. நிர்வாகக் குழுவின் சம்மதம் இல்லாமல் யாரும் ஆணி அடிக்க முடியாது. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாரம்பரிய மண்டலம் 259 ஹெக்டர். லிட்டில் இந்தியா கடைவீடுகள் அதற்குள் அடக்கம். அங்கே கூரையின் தோற்றமும் காக்கப்பட வேண்டியது. பழைய மர உத்திரம் தகடுகளின் பாரத்தைத் தாங்குமா என்பதைப் பொறியியலாளர் பார்த்தே சொல்ல வேண்டும். கடைவீடு வைத்திருப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் மாநகர் மன்றத்துக்கு எழுதிப் பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை இவை.

1. உங்கள் நிறுவனம் செடாவில் பதிந்ததா? கூரை ஏறிப் பொருத்துகிறவர் உங்கள் ஆளா, துணைக் குத்தகையாளரா?

2. மாநகர் மன்றத்திடம் அனுமதி தேவையா? தேவையில்லை என்றால் அதை எழுதித் தருவீர்களா?

3. வரைபடத்தில் பொதுச் சுவருக்கும் தகடுகளுக்கும் இடையே எவ்வளவு இடம்? ஆள் நடக்க வழி எங்கே?

4. கூரைக் கம்பியின் மின்னழுத்தத்தைக் கீழிருந்தே இறக்கும் வசதி உண்டா? இணைப்பிகள் எல்லாம் ஒரே தயாரிப்பா? வெவ்வேறு நிறுவனத்தின் இணைப்பிகளைக் கலந்து மாட்டினால் பொருந்தியது போலத் தெரியும், உள்ளே சூடேறும்.

5. ஆண்டுக்கு ஒருமுறை இணைப்புகளையும் துண்டிப்பு சுவிட்சையும் சோதிக்க யார் வருவார்கள், என்ன செலவு?

இவற்றுக்கு நேராகப் பதில் சொல்கிறவரின் விலை சில நூறு வெள்ளி கூடுதலாக இருந்தாலும் அவரையே எடுங்கள். பேட்டரியும் வைப்பதாக இருந்தால் மாடிப்படிக்குக் கீழேயோ வாசலிலோ வேண்டாம்; தீ என்றால் நீங்கள் ஓடிவரும் வழி அது. கடைவீட்டில் அஞ்சடியிலும் வைக்காதீர்கள். வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் எழுதி விடுங்கள்.

பொருத்தி முடிந்ததும் மீட்டர் பெட்டிக்கு அருகில் 'இந்த வீட்டில் சோலார் உண்டு' என்ற அறிவிப்பும், கம்பி செல்லும் பாதையின் படமும் இருக்கட்டும். தீ என்றால் 999-ஐ அழைத்ததும் முதலில் சொல்ல வேண்டியது, கூரையில் சோலார் இருக்கிறது என்பதுதான். தண்ணீர்க் குழாயோடு நீங்களே ஏணி ஏறாதீர்கள். லெபோ பந்தாய் நிலையத்திலிருந்து வண்டி வந்து நிற்கும்போது, அந்த வீரருக்கு உங்கள் கூரை எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். அவருக்கும் வீட்டில் காத்திருக்கும் குடும்பம் இருக்கிறது.