சங்கிலியன்ர பூட்டப்பிள்ளையளுக்கு

கொஞ்ச நாளாய் எங்கட ஆக்களுக்கு வம்சம் தேடுற ஆசை பிடிச்சிருக்கு. கனடாவில இருந்து எச்சில் அனுப்பி மரபணுச் சோதனை செய்யினம். வம்சாவளி கீறி வட்ஸ்அப் குழுக்களில போடினம். நல்ல விசயம்தான். ஆனால் தேடிப்போற எல்லாருக்கும் அகப்படுகிறது ஒரு முதலியார், இல்லாட்டி ஒரு மணியகாரர். துணிஞ்ச ஆக்களுக்கு நல்லூர் அரச குடும்பமே அகப்படுது. ஒருத்தருக்கும் ஒரு அடிமை அகப்படுகிறதில்லை. அடிமை வைச்சிருந்தவரும் அகப்படுகிறதில்லை. அவையெல்லாம் எங்கே போச்சினம்?

முதலில் கணக்கைப் பார்ப்பம். கடைசி அரசன் சங்கிலியன் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டது 1619இல். தலைமுறைக்கு 25 வருசம் என்று வைத்தால் இன்றைக்கு 16 தலைமுறை. தாய் தகப்பன் 2, பேரன் பேத்தி 4 என்று இரட்டித்துக்கொண்டு போனால், 16ஆவது படியில் 65,536 இடங்கள் வரும். சொந்தத்துக்குள்ளேயே கட்டின ஊர் என்பதால் ஒரே ஆள் பல இடத்தில வரலாம். அப்படிப் பார்த்தாலும், ஒரு இடத்தில ராசா இருந்தால் மற்ற இடங்களில ஆர் இருந்தது? முதலியாரும் மணியகாரரும்கூட வெள்ளைக்காரன் தன்ர ஆட்சியை நடத்தக் குடுத்த உத்தியோகங்கள்தான்.

அடுத்தது கடதாசி. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தார். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எல்லாம் அதில் இருக்கு. இன்றைக்கும் அதை வைத்துத்தான் காணி வழக்குப் பேசுறம். அதே தொகுப்பில் அடிமைகளுக்கும் ஒரு பகுதி இருக்கு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கு. காணியைப் போல மனிசரும் சொத்தாய் எண்ணப்பட்ட காலம் அது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். சங்கிலியன் காலத்துக்குப் போகிறவர்கள் போற வழியில 1844ஐத் தாண்டித்தானே போகவேணும்? கண்ணை மூடிக்கொண்டா தாண்டுறியள்?

அடிமையாய் இருந்தவருக்குக் காணி உறுதி இல்லை. உறுதி இல்லாத குடும்பத்துக்கு வம்சாவளியும் இல்லை என்றால், இது வரலாறு இல்லை, சொத்துக் கணக்கு.

பெண்களின் கதையோ இன்னும் விசித்திரம். சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது எங்கட வழக்கம். அதனால் பழைய உறுதிகளில் பேத்தி, பூட்டி பெயரெல்லாம் வரிசையாய் இருக்கும். 1995 இடப்பெயர்வில சோறு தண்ணியை விட்டாலும் உறுதிப் பெட்டியை விடாமல் தூக்கிக்கொண்டு போனவை கனபேர். ஆனால் வம்சாவளி கீறேக்க மட்டும் தகப்பன், தகப்பனுக்குத் தகப்பன் என்று ஒரே கோடு. பூட்டியின்ர காணி வேணும், பூட்டியின்ர பெயர் வேண்டாம்!

"பழசைக் கிளறிச் சண்டை மூட்டாதேங்கோ" என்று சொல்லுவினம். கிளறத் தொடங்கினது நீங்கள்தானே? முதலியாரைக் கிளறினால் பெருமை, முதலியார் வைச்சிருந்த அடிமையைக் கிளறினால் சண்டையா?

இது பழசும் இல்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள்ள போகவிடச் சொல்லிச் சனம் சத்தியாக்கிரகம் இருந்தது. அந்தக் கதவை மறிச்சு நின்ற ஆக்களும் பரம்பரைப் பெருமைதான் பேசினவை. இன்றைக்குக் கலியாணத் தரகரிட்ட "நல்ல பகுதி" என்று சொல்லேக்க என்ன சொல்லுறம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் ஆசையாய்க் கீறுகிற வம்சாவளி நாளைக்குப் போய்ச் சேரப்போற இடம் அந்தத் தரகரின்ர பைதான்.

வம்சம் தேடவேண்டாம் என்று நாங்கள் சொல்லேல்லை. முழுசாய்த் தேடுங்கோ. தாய்வழியையும் கீறுங்கோ. பேரன்ர தோட்டத்தை ஆர் கொத்தினது, அந்தக் கிணத்தை ஆர் வெட்டினது, வெட்டின ஆளுக்கு அதில தண்ணி அள்ள விட்டதோ என்று ஆச்சியிட்டக் கேளுங்கோ. ஆச்சிக்குத் தெரியும். முதலில் கதையை மாத்துவா. திரும்பக் கேளுங்கோ.