மூட்டு வலியா... மனச்சோர்வா? முதியவர்களிடம் கவனிக்கப்படாத இரட்டைப் பிரச்சனை

"வயசாயிடுச்சுல்ல, வலி இருக்கத்தான் செய்யும்!" வீட்டுப் பெரியவர்கள் முட்டி வலி, இடுப்பு வலி என்று சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கும் வலி மூட்டோடு நிற்பதில்லை, மனதையும் பாதிக்கும்.

நாள்பட்ட வலி என்றால் என்ன?

3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாள்பட்ட வலி என உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. மூட்டுத் தேய்மானம், முதுகுத்தண்டு பிரச்சனை, சர்க்கரை நோயால் வரும் நரம்பு பாதிப்பு ஆகியவை முதியவர்களிடம் அதிகம் காணப்படும் காரணங்கள்.

வலிக்கும் மனதுக்கும் என்ன தொடர்பு?

முதல் தொடர்பு மூளையில். மனநிலையைச் சீராக வைக்கும் செரோடோனின், நார்எபிநெஃப்ரின் ஆகிய ரசாயனங்களுக்கு வலியை அடக்குவதிலும் பங்கு உண்டு. அதனால்தான் டுலோக்செடின் என்ற மனச்சோர்வு மருந்தை நரம்பு வலிக்கும் டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள்.

இரண்டாவது, அன்றாட வாழ்க்கை. வலியால் தூக்கம் கெடும். கோயில், டீக்கடை, கல்யாண வீடு என வெளியே போவது நிற்கும். நடக்காமல் இருந்தால் தசை பலவீனமாகி வலி கூடும், தனிமையும் கூடும். இப்படி ஒன்றை ஒன்று வளர்த்துவிடும்.

ஏன் கண்டுபிடிக்க முடிவதில்லை?

"மனசு சரியில்லை" என்று பெரியவர்கள் சொல்வது குறைவு. "உடம்பு முடியல, அசதியா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். மத்திய அரசின் 2017-18 முதியோர் ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் 100க்கு சுமார் 8 பேரிடம் மனச்சோர்வுக்கான அறிகுறிகள் தெரிந்தன. ஆனால் 'மனச்சோர்வு இருப்பதாக டாக்டர் சொன்னார்' என்றவர்கள் 100க்கு ஒருவர்கூட இல்லை.

வலி மாத்திரை போதாதா?

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் வயிற்றுப் புண், ரத்தக்கசிவு, சிறுநீரக பாதிப்பு வரலாம், பிபியும் ஏறலாம். வயதானவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மனச்சோர்வை அப்படியே விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் கூட்டினால் வலியும் முழுதாகக் குறையாது.

எதைக் கவனிக்க வேண்டும்?

* 2 வாரங்களுக்கு மேல் சோகம், எதிலும் ஆர்வமின்மை
* சாப்பாடு, தூக்கம் குறைவது
* பேச்சைக் குறைத்து ஒதுங்கி இருப்பது
* "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது", "போய்ச் சேர்ந்தா போதும்" என்ற பேச்சு

கடைசி அறிகுறியை வெறும் புலம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. முதியவர்களின் தற்கொலை எண்ணத்துக்கு நீடித்த வலியும் ஒரு காரணம். உடனே டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

எங்கே உதவி கிடைக்கும்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி, நோய்த்தணிப்பு சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 முதல் செயல்படுகிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.

டாக்டரிடம் போகும்போது "எங்கே வலிக்குது?" என்பதற்கு மட்டும் பதில் சொன்னால் போதாது. தூக்கம், பசி, மனநிலை எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும்.