ஓதிப் பார்த்தோம், ஆஸ்பத்திரியில் காட்டினோமா?

கொஞ்சம் நீண்ட பதிவு. யாரையும் குத்திக்காட்ட எழுதவில்லை, எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

போன தவணை, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்று விழுந்து கை கால் இழுத்தது. ஓடி வந்த ஒருவர் சாவிக் கொத்தைக் கையில் திணித்தார். இன்னொருவர் ஆயத்துல் குர்ஸி ஓதினார். நாங்கள் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு நிமிஷத்தில் நின்றுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் 1990க்கு அடிக்க வேண்டும். சாவியால் ஒன்றும் ஆகாது.

உம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டால், இது முதல் தடவை இல்லையாம். எட்டு மாதமாக இப்படித்தானாம். மூன்று இடத்தில் ஓதிப் பார்த்தாயிற்று. ஒரு இடத்தில் ஜின் என்றார்கள். இன்னோர் இடத்தில், சொந்தத்துக்குள் யாரோ செய்த சூனியம் என்றார்கள். அந்த ஒரு சொல்லால் மாமி வீட்டோடு பேச்சும் நின்றுபோனது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகவில்லை.

"நம்மட ஆக்கள்தான் இப்படி" என்று ஒரு ஆசிரியர் சலித்துக்கொண்டார். அது சரியில்லை. இந்த நாட்டில் நோய் வந்தால் ஓதாத, வேண்டாத சமூகம் எது? சிங்கள வீடுகளில் பிரித் நூல் கட்டுகிறார்கள், போதி பூஜை வைக்கிறார்கள். தெற்கில் நோய் கொடுக்கும் 18 சன்னிகளுக்கும் முகமூடி போட்டு தொவில் ஆடிய ஊர்கள் இருக்கின்றன. தமிழர்கள் அம்மைக்கு வேப்பிலை வைத்து அம்மனுக்கு நேர்கிறார்கள். மட்டக்களப்புப் பக்கம் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுவார்கள். கத்தோலிக்கர்கள் பாம்புக்கடிக்கு மடு மாதா கோயில் மண்ணை நம்புகிறார்கள். எங்களுக்கு ஓதிய தண்ணீர், நூல், இசிம், பீங்கானில் எழுதிக் கரைத்துக் குடிப்பது. எங்கள் மூத்தம்மா காலத்தில் விஷம் இறக்கத் தமிழ்ப் பரிசாரியிடம் போனார்கள். தமிழ்த் தாய்மார் மஃரிபுக்குப் பிறகு பள்ளி வாசலில் பிள்ளையோடு நின்று ஊதச் சொன்னார்கள். அந்த விஷயத்தில் யாரும் இனம் பார்க்கவில்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. வாட்டில் பக்கத்துக் கட்டிலைப் பாருங்கள். ஒரு கையில் பிரித் நூல், மறு கையில் சேலைன். அவர்களுக்கு அது இரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடிப்பதில்லை. எங்களில் பலருக்கு ஏன் ஆஸ்பத்திரி கடைசியாகப் போகிறது?

ஈமான் கூடியதால் என்று நாங்கள் நினைக்கவில்லை. முதல் காரணம் பாஷை. அந்த உம்மாவிடம் கேட்டோம். "டொக்டர் சிங்களத்தில கேப்பார் சேர், எனக்கு 'ஹரி ஹரி' எண்டு தலையாட்டத்தான் தெரியும். ஹஸரத் ஒரு மணித்தியாலம் இருந்து கேட்டார்" என்றார். எங்களிடம் பதில் இல்லை. தன் பிள்ளையின் நோயைத் தன் பாஷையில் சொல்ல முடியாத தாய், கேட்கிற ஒருவரைத் தேடித்தான் போவாள்.

இரண்டாவது பயம். 2020 மார்ச் கடைசியிலிருந்து, 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும் வரை கொரோனா ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. மூச்சு முட்டியும் வீட்டிலேயே கிடந்த எத்தனை பேரை நாங்கள் அறிவோம். அந்தச் சட்டம் போய்விட்டது, பயம் முழுதாகப் போகவில்லை.

மூன்றாவது, சொன்னால் கோபிப்பீர்கள். தாயத்து ஷிர்க்கா இல்லையா என்று இருபது வருஷமாக ஊரைப் பிரித்துச் சண்டை போட்டோம். தாயத்தைக் கழற்றச் சொன்ன இடத்திலிருந்தே இன்று சிலர் 'ருக்யா' என்று போர்டு போட்டுக் காசு வாங்குகிறார்கள். இரண்டு தரப்பிலும், "டொக்டரிடம் காட்டினீர்களா?" என்று முதலில் கேட்கிறவர் எத்தனை பேர்?

ருக்யாவை நாங்கள் மறுக்கவில்லை. விஷம் தீண்டிய கோத்திரத் தலைவருக்கு ஸஹாபாக்கள் பாத்திஹா ஓதிய சம்பவம் புகாரியில் இருக்கிறது. எந்த நோயையும் அல்லாஹ் நிவாரணம் இல்லாமல் இறக்கவில்லை என்ற ஹதீஸும் அதே புகாரியில்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட எங்களுக்கு யார் அனுமதி தந்தது?

டெங்குவை எடுங்கள். 2017இல் இந்த நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு வந்தது. மூன்று நாள் காய்ச்சல், தண்ணீர் ஓதிக் குடிக்கிறோம், காய்ச்சல் இறங்குகிறது, பலித்தது என்று நிம்மதியாகிறோம். டெங்குவில் ஆபத்துத் தொடங்குவதே காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான். வயிற்று வலியும் விடாத வாந்தியும் வந்தால் நிற்காமல் போக வேண்டும்.

வலிப்பும் அப்படித்தான். ஒழுங்காக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரச கிளினிக்கில் அந்த மருந்துக்குக் காசு இல்லை.

ஊரில் ஓதிப் பார்க்கிற மௌலவிமாரிடம் ஒன்று கேட்கிறோம். கிளினிக் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு ஓதுங்கள். சூனியம் என்று வாயெடுக்குமுன் அந்தக் குடும்பத்தை நினையுங்கள். பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு யோசனை: சிங்களம் தெரிந்த நாலு பிள்ளைகளின் போன் நம்பரை நோட்டிஸ் போர்டில் போடுங்கள், கிளினிக் நாளில் கூடப் போகட்டும். இன்ஷா அல்லாஹ், ஆசிரியர்கள் நாங்கள் இரண்டு பேர் பெயர் தருகிறோம்.

அந்தப் பிள்ளையோடு நாங்கள்தான் போனோம். டொக்டர் நல்ல மனிசன், சிங்களம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று படம் வரைந்து விளக்கினார். இப்போது காலையும் இரவும் குளிசை. குடிக்கிற தண்ணீரில் உம்மா ஓதி ஊதித்தான் கொடுக்கிறார். மூன்று மாதமாக வலிப்பு வரவில்லை. மாமி வீட்டோடு மட்டும் இன்னும் பேச்சில்லை.